விருந்தினர் விடுதி வேண்டாம், மாணவர் விடுதி போதும்

பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் பெரிய மனிதர் ஒருவர் வருகிறார் என்றால் நம் நாட்டில் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. விமான நிலையத்தில் பூங்கொத்து. அரங்க வாசலில் ரங்கோலி. குத்துவிளக்கு ஏற்றிய பிறகு வரவேற்புரை அரை மணி, விருந்தினரைப் பற்றிய அறிமுகவுரை இருபது நிமிடம். அவர் பேசுவதற்கு மீதமிருப்பது முக்கால் மணி நேரம். "நேரமின்மை காரணமாக இரண்டே கேள்விகள்" என்று அறிவிப்பார்கள். அந்த இரண்டையும் முன்வரிசைப் பேராசிரியர்களே கேட்டுவிடுவார்கள். பிறகு பொன்னாடை, நினைவுப் பரிசு, புகைப்படம். கார் விருந்தினர் விடுதிக்குப் போய்விடும். பின்வரிசையில் கட்டாயத்தின் பேரில் உட்கார வைக்கப்பட்டிருந்த மாணவர்கள் சமோசாவை வாங்கிக்கொண்டு கலைந்து போவார்கள்.

இதில் செலவு உண்டு, உழைப்பு உண்டு, நல்ல எண்ணமும் உண்டு. பயன்தான் குறைவு. வருகிற பெருமக்களை விருந்தினர் விடுதியில் தங்க வைக்காமல், மாணவர் விடுதியிலேயே இரண்டு நாள் தங்க வையுங்கள். மெஸ்ஸில் மாணவர்களோடு சாப்பிடட்டும். இரவு பொது அறையில் பத்துப் பதினைந்து பேரோடு உட்கார்ந்து பேசட்டும் என்பது என் தாழ்மையான கருத்து. நான் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்து ரயில்வேக்குப் போனவன். பல்கலைக்கழக விடுதி வாழ்க்கை எனக்குக் கிட்டியதில்லை. வெளியே நின்று பார்ப்பவனுக்குச் சில விஷயங்கள் கூடுதலாகத் தெரியும் என்ற துணிவில் எழுதுகிறேன்.

முதலில், நம்மவர் ஒருவரின் வரலாற்றைச் சொல்கிறேன். பிழைப்புக்காக வடக்கே வந்த தமிழ்க் குடும்பங்கள் நினைவில் வைக்கவேண்டிய வரலாறு இது. சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910ஆம் ஆண்டு லாகூரில் பிறந்தார். அவருடைய தந்தை அங்கே வடமேற்கு ரயில்வேயின் கணக்குத் தணிக்கைப் பணியில் உயர் அதிகாரியாக இருந்தவர். பிறகு குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்ந்தது. பையன் மாநிலக் கல்லூரியில் பௌதிகம் படித்தான். 1928இல் ஜெர்மனியின் புகழ்பெற்ற பௌதிக மேதை ஆர்னால்டு சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்து அந்தக் கல்லூரியில் சொற்பொழிவாற்றினார். அணு அமைப்பைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூலைச் சந்திரசேகர் ஏற்கெனவே தானாகவே படித்து முடித்திருந்தார். மறுநாள் அந்த மேதை தங்கியிருந்த ஓட்டலுக்கே போய் அவரைச் சந்தித்தார். அப்போது பதினெட்டு வயதை ஒட்டிய மாணவர் அவர்.

அந்தச் சந்திப்பில்தான் எல்லாம் நடந்தது. "நீ படித்த புத்தகத்துக்குப் பிறகு பௌதிகமே மாறிவிட்டது" என்ற செய்தியைச் சோமர்ஃபெல்டு சொன்னார். ஷ்ரோடிங்கர், ஹைசன்பர்க், டிராக் ஆகியோரின் புதிய கண்டுபிடிப்புகளை எடுத்துரைத்தார். உலோகங்களில் எலெக்ட்ரான்கள் பற்றித் தாம் எழுதி, இன்னும் வெளிவராதிருந்த கட்டுரையின் அச்சுப் படியையும் கொடுத்தார். சந்திரசேகர் அதைப் படித்தார். புதிய முறையைக் கற்றார். அதைக் கொண்டு எழுதிய கட்டுரை 1929இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. 1930இல் கேம்பிரிட்ஜ் பயணம். 1983இல் நோபல் பரிசு.

அவருடைய மேதைமை அந்த ஒரு சந்திப்பினால் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கவனியுங்கள். சொற்பொழிவைக் கேட்டவர்கள் பலர். ஓட்டலுக்குப் போனவர் ஒருவர். அந்த ஒருவர் சர் சி.வி. ராமனின் அண்ணன் மகன். படித்த குடும்பம், வீடு நிறையப் புத்தகம், ஆங்கிலம் சரளம். கதவைத் தட்டும் துணிவு அவருக்கு வீட்டிலேயே கிடைத்திருக்கும். அந்தத் துணிவு இல்லாத மற்றப் பிள்ளைகளின் கதி என்ன? மாணவன் ஓட்டலைத் தேடிப் போகமுடியாவிட்டால், விருந்தினர் மாணவன் இருக்கும் இடத்துக்கு வரவேண்டும். என் வாதம் முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கும்.

இது புதிய யோசனை அல்ல. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் 1933இல் விடுதிக் கல்லூரி முறையைத் தொடங்கியது. எட்வர்ட் ஹார்க்னஸ் என்ற செல்வந்தரின் நன்கொடை அதற்கு உதவியது. இன்று அங்கே இத்தகைய கல்லூரிகள் 14 இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி உணவுக்கூடம், நூலகம், முற்றம் உண்டு. பேராசிரியர் ஒருவர் அதன் தலைவராக, குடும்பத்தோடு அங்கேயே குடியிருக்கிறார். ஊருக்கு வரும் எழுத்தாளர், விஞ்ஞானி, நீதிபதி, நடிகர் எவரானாலும் அந்தத் தலைவரின் வீட்டுக்கு மாலைத் தேநீருக்கு அழைக்கப்படுவார். மாணவர்கள் சோபாவிலும் தரையிலும் உட்கார்ந்து பேசுவார்கள். அவர்களில் திமதி டுவைட் என்ற கல்லூரியில் 1936இலிருந்து ஓர் அறக்கட்டளை நடக்கிறது. ஹெண்டன் சப் என்ற முன்னாள் மாணவர், இளைஞர்களுக்குப் பொதுவாழ்வில் நாட்டம் வரவேண்டும் என்பதற்காக நிறுவியது. அதன்படி வரும் விருந்தினர் ஒரு சொற்பொழிவோடு போய்விடாமல், மாணவர்களோடு நெருங்கிப் பழகவேண்டும் என்பது ஏற்பாடு. பதவியிலிருந்து ஓய்வு பெற்ற ஜனாதிபதி ட்ரூமன் 1958இல் அப்படி வந்தார். அப்போது கலிபோர்னியா ஆளுநராக இருந்த ரீகன் 1967இல் வந்தார். அவருடைய கொள்கையை ஏற்காத மாணவர்களின் கடினமான கேள்விகளுக்கு முகம் கொடுத்தார்.

"அமெரிக்காவில் பணம் இருக்கிறது, செய்கிறார்கள்" என்று சிலர் சொல்லலாம். பணமே இல்லாத இடத்தில், நம் நாட்டிலேயே, அதற்கும் முன்பே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1915ஆம் ஆண்டு பிப்ரவரியில் காந்தியடிகள் சாந்திநிகேதனுக்கு வந்தார். தென்னாப்பிரிக்காவில் அவரோடு ஃபீனிக்ஸ் ஆசிரமத்தில் இருந்த பிள்ளைகள் அவருக்கு முன்பே வந்து அங்கே தங்கியிருந்தார்கள். காந்தியடிகள் மேடை போட்டுப் பேசிவிட்டுப் போகவில்லை. ஆசிரியர்களோடும் மாணவர்களோடும் கலந்து பழகினார். "சமையலுக்கு ஆள் எதற்கு? நீங்களே சமைத்தால் என்ன? பாத்திரம் துலக்குவதும் கழிவறை சுத்தம் செய்வதும் உங்களால் முடியாதா?" என்று கேட்டார். மார்ச் 10ஆம் தேதி அந்தச் சோதனை தொடங்கியது. தாகூர் ஆதரித்தார். ஆசிரியர்களில் சிலருக்குப் பிடித்தது, சிலருக்குப் பிடிக்கவில்லை. சில நாள்களில் சோதனை கைவிடப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்; காந்தியடிகளே தம் சுயசரிதையில் அதை எழுதியிருக்கிறார். ஆயினும் அந்த மார்ச் 10ஆம் நாளைக் 'காந்தி புண்ணியாகம்' என்று கொண்டாடி, அன்று பணியாளர்களுக்கு ஓய்வு கொடுத்து, மாணவர்களும் ஆசிரியர்களும் தாங்களே வேலைகளைச் செய்யும் வழக்கம் சாந்திநிகேதனில் நிலைத்துவிட்டது. வெறும் சொற்பொழிவுக்கு இந்த ஆயுள் உண்டா?

நம் தலைநகரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1969இல் தொடங்கிய ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் விடுதிகளுக்கு நதிகளின் பெயர்கள். கங்கா, சபர்மதி, ஜீலம், கோதாவரி என்ற வரிசையில் நம் காவேரியும் உண்டு. பெரியார் என்றொரு விடுதி இருப்பதைக் கண்டு நம்மவர் சிலர் மகிழ்வதுண்டு; அது கேரளத்து ஆற்றின் பெயர். அந்த விடுதிகளில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் மெஸ்ஸிலேயே கூட்டம் நடத்தும் பழக்கம் பல்லாண்டுகளாக உண்டு. தட்டுகளை எடுத்துவிட்டு அதே பெஞ்சில் உட்கார்ந்து, அரசியல் தலைவர்களையும் அறிஞர்களையும் பத்திரிகையாளர்களையும் அழைத்துப் பேசச் சொல்வார்கள். கேள்விகள் நள்ளிரவைத் தாண்டும். அரங்கத்தில் வாய் திறக்காதவன் மெஸ்ஸில் கேட்பான். ஏனென்றால் அது அவன் வீடு. அந்தக் கூட்டங்களில் அரசியல் வாடை அதிகம், சச்சரவும் உண்டு. விருந்தினரும் பேசி முடித்ததும் காரேறிவிடுவார். அவர் அங்கேயே படுத்து எழுந்து, காலையில் பல் துலக்கிய கையோடு வரிசையில் நின்று டீ வாங்கினால், நள்ளிரவில் கேட்கத் துணியாதவனும் காலையில் கேட்பான்.

இதை நான் என் தொழிலை வைத்தே புரிந்துகொள்கிறேன். ரயில்வேயில் பெரிய அதிகாரிகள் பாதையைச் சோதனையிடுவது இரண்டு வகை. ஒன்று, சலூன் வண்டியில். ரயிலின் கடைசியில் அது இணைக்கப்பட்டிருக்கும். பின்பக்கக் கண்ணாடி வழியாக ஓடுகிற பாதையைப் பார்த்துக்கொண்டே போவார்கள். அவர் வருகிறார் என்று தெரிந்ததும் ஸ்டேஷனுக்கு வெள்ளையடிப்பார்கள், பூந்தொட்டிக்குக் காவி பூசுவார்கள். இன்னொன்று, தள்ளு டிராலியில். நான்கு டிராலிமேன்கள் தள்ளிக்கொண்டு போக, மேலே உட்கார்ந்திருப்பவருக்குப் பாதையின் ஒவ்வொரு குலுக்கலும் முதுகில் தெரியும். சந்தேகம் வந்தால் இறங்குவார், கேஜ் வைத்துப் பார்ப்பார், கீமேனைக் கூப்பிட்டு விசாரிப்பார். சலூன் சோதனையும் வேண்டியதுதான். ஆனால் கேங்மேனுக்குத் தன் கஷ்டத்தைச் சொல்ல வாய்ப்புக் கிடைப்பது டிராலியில்தான். அதிகாரிக்குப் பாதை தெரிவதும் அதில்தான். நம் பல்கலைக்கழகங்களுக்கு வரும் பெரியவர்கள் எல்லோரும் சலூனில் வந்து சலூனில் போகிறார்கள்.

இதில் நமக்கு என்ன அக்கறை என்று கேட்கலாம். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இன்று விடுதிகளில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை காரக்பூரிலோ ரூர்க்கியிலோ இருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து வந்த பிள்ளை தில்லியில் இருக்கிறது. முதல் வகைக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்க வராது. இரண்டாவது வகைக்குக் கடைத்தெருவில் இந்தி தெரியாது, வகுப்பில் ஆங்கிலம் தொண்டையில் நிற்கும். அவர்களில் பலர் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். அரங்கத்தில் மைக்கைப் பிடித்துக் கேள்வி கேட்பது அவர்களுக்கு மலையேறுவது போல.

ஒரு பொங்கல் விழாவுக்குத் தர்மபுரிப் பக்கத்து மாணவர் ஒருவர் வந்திருந்தார். சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன படிக்கிறீர்கள், எதைப் பற்றி ஆராய்ச்சி என்று கேட்டுக்கொண்டே சாப்பிட்டேன். கை கழுவப் போகும்போது சொன்னார்: "ஐயா, நான் இங்க வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. என்ன படிக்கிறேன்னு வயசுல பெரியவங்க ஒருத்தரும் கேட்டதில்ல. கேட்ல நிக்கிற செக்யூரிட்டி மட்டும் ஐ.டி. கார்டு கேப்பாரு." அவர் வழிகாட்டிப் பேராசிரியரிடம் குறை இருந்ததாக நான் நினைக்கவில்லை, அவருக்கு நூறு வேலை. ஆனால் இருபத்து மூன்று வயதுப் பிள்ளையைப் பார்த்து "உன் வேலையைப் பற்றிச் சொல், கேட்கிறேன்" என்று சொல்ல ஒரு பெரியவர் இல்லாத ஊரில், அந்தப் பிள்ளை எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்? விடுதி அறைகளிலிருந்து அவ்வப்போது வரும் துயரச் செய்திகளை நாம் எல்லோரும் பத்திரிகையில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஒரு விருந்தினர் வந்து தங்கிவிட்டால் அந்தத் துயரம் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்பவன் அல்லன் நான். ஆனால் கேட்பாரற்ற நிலை கொஞ்சமேனும் குறையும்.

யாரை அழைப்பது? பெரிய மனிதர் என்றாலே அமைச்சரும் சினிமா நட்சத்திரமும்தான் என்ற எண்ணத்தை விடவேண்டும். ராமேசுவரத்துக்குப் போகும் புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. 72.5 மீட்டர் நீளமுள்ள இரும்புத் தூக்குப்பாலம், கப்பலுக்கு வழிவிடச் செங்குத்தாக 17 மீட்டர் உயரும். அதில் வேலை செய்த பொறியாளர் ஒருவர் விடுதியில் இரண்டு இரவு தங்கி, உப்புக் காற்றில் துருவோடு போராடியதையும், கணக்கில் சரியாக வந்தது களத்தில் சரியாக வராமல் போனதையும் சொன்னால், சிவில் படிக்கும் பிள்ளைகளுக்கு அது ஒரு பருவப் பாடத்துக்குச் சமம். 1964 புயலில் சிதைந்த பழைய பாம்பன் பாலத்தை ஸ்ரீதரன் தலைமையில் 46 நாள்களில் சரிசெய்தார்கள். இத்தகைய வேலைகளின் உள்விவரம் அவற்றைச் செய்தவர்களின் வாயிலாகத்தான் வரும். அதுபோலவே மொழிபெயர்ப்பாளர், மருத்துவமனைத் தலைமைச் செவிலியர், மாவட்ட நீதிபதி, ஐம்பது ஆண்டு நாடகம் போட்டவர் ஆகியோரும் எனக்குப் பெரிய மனிதர்கள்தாம்.

மறுப்புகள் வரும் என்று அறிவேன். வயதானவர்கள் விடுதியில் எப்படித் தங்குவார்கள்? தரைத்தளத்தில் சுத்தமான குளியலறையோடு ஓர் அறை போதும். பல விடுதிகளில் பெற்றோர் வந்தால் தங்குவதற்கு அப்படி ஓர் அறை ஏற்கெனவே இருக்கிறது. அதுவும் இயலாதவர் வேறிடத்தில் படுத்துக்கொள்ளலாம். சாப்பாடும் பேச்சும் மட்டும் விடுதியில் இருக்கட்டும். விருந்தினர் வருகிற அன்று மெஸ்ஸில் பனீரும் குலாப் ஜாமூனும் போட்டுவிடுவார்களே என்பது இன்னொரு கவலை. வெள்ளையடித்த ஸ்டேஷன் கதைதான்! அன்றைய மெனுவை மாற்றக்கூடாது என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். நீர்த்துப்போன பருப்பை விருந்தினரும் சாப்பிடட்டும். அதுவும் ஒரு செய்தி.

பாதுகாப்பு பற்றிய மறுப்பை மட்டும் நான் லேசாக எடுத்துக்கொள்ளமாட்டேன். பெயரும் செல்வாக்கும் உள்ளவர் முன்னால் மாணவர், அதிலும் மாணவியர், தயங்கி நிற்பார்கள். ஆகவே பேச்செல்லாம் பொது அறையில், கதவு திறந்த நிலையில் நடக்கவேண்டும். யாரையும் தனியாக விருந்தினர் அறைக்கு வரச் சொல்லக்கூடாது. வார்டன் உடனிருக்கவேண்டும். மாணவியர் விடுதியில் பெண் விருந்தினர்களே தங்கவேண்டும். 1928இல் ஓட்டலுக்குப் போனது போல இன்று போகவேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம்.

அரசியல் புகுந்துவிடும் என்பார்கள். புகட்டுமே. ஒரே கட்சிக்காரரை எப்போதும் அழைக்காமல் இருந்தால் போதும். மாணவர்கள் வரமாட்டார்கள் என்பார்கள். வருகைப் பதிவு, சான்றிதழ், கட்டாயம் எதுவும் வேண்டாம். எட்டுப் பேர் வந்தால் எட்டுப் பேர். எட்டுப் பேரின் பெயரை விருந்தினர் நினைவில் வைத்துக்கொள்ள முடியும். எண்ணூறு பேரின் பெயரை வைத்துக்கொள்ள முடியாது. விடுதியில் இடம் கிடைக்காமல் முனிர்காவிலும் முகர்ஜி நகரிலும் வாடகை அறையில் இருக்கும் பிள்ளைகளையும் மறக்காமல் அழைக்கவேண்டும். அவர்கள் விடுதிப் பிள்ளைகளைவிடத் தனித்தவர்கள்.

இனி நம் பங்கு. பொங்கலுக்கும் பாரதி விழாவுக்கும் தமிழ் அறிஞர்களையும் எழுத்தாளர்களையும் சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் அழைக்கிறோம். டிக்கெட் நாம் எடுக்கிறோம், அறை நாம் போடுகிறோம். அவர் ஒன்றரை மணி நேரம் பேசுகிறார். கேட்பவர்களில் பெரும்பாலோர் என்னைப் போன்ற நரைத்த தலைகள். மறுநாள் குதுப் மினார் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறார். அந்த மறுநாளை மாணவர்களுக்குக் கொடுத்தால் என்ன? அவரை ஒரே ஓர் இரவு ஒரு விடுதியில் தங்க வைத்தால் நமக்கு அறை வாடகையும் மிச்சம்.

செய்யவேண்டியது அதிகமில்லை. ஒரு மாதம் முன்பே வார்டனுக்குச் சங்கத்தின் சார்பில் கடிதம் எழுதவேண்டும். விருந்தினரிடமும், மேடை கிடையாது, மாலை கிடையாது, பேசுவதில் பாதி நேரம் கேட்கவேண்டும் என்று தெளிவாகச் சொல்லிச் சம்மதம் வாங்கவேண்டும். அவர் எழுதிய புத்தகத்தில் பத்துப் பிரதி முன்கூட்டியே விடுதிக்குப் போகவேண்டும்; படித்துவிட்டுக் கேட்கும் கேள்விக்குத் தனி மதிப்பு. தமிழ் தெரியாத மாணவர்களும் வருவார்கள், வரட்டும். பக்கத்து அறைப் பஞ்சாபிப் பையனுக்கும் மணிப்பூர்ப் பெண்ணுக்கும் நம் எழுத்தாளர் என்ன எழுதுகிறார் என்பதை நம் பிள்ளை ஆங்கிலத்திலோ இந்தியிலோ எடுத்துச் சொல்லும்போது, அந்தப் பிள்ளையின் முதுகு தானாக நிமிரும். விருந்தினர் ஊருக்குப் போன பிறகு ஒரு கடிதமோ தொலைபேசி அழைப்போ வந்துகொண்டிருந்தால் அதுவே போதும்.

வரும் தை விழாவுக்கான விருந்தினர் பட்டியலைச் செயற்குழு தயாரிக்கும்போது, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே "விடுதியில் தங்கச் சம்மதமா?" என்று ஒரு கட்டம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். எந்த விடுதியின் வார்டனையாவது அறிந்த அன்பர்கள் இப்போதே செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். கடிதம் எழுதுவதும், விருந்தினரை ஸ்டேஷனிலிருந்து அழைத்துவந்து விடுதி வாசலில் இறக்குவதும் என் பொறுப்பு. ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை?